உங்கள் தெருவில் ஐஸ் வந்ததாக மெசேஜ் வந்தால்: சிகாகோவில் இருப்பவர்களுக்கு

அமெரிக்கக் குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறையான ஐஸ் (ICE) பற்றி, "டெவன் அவென்யூல ஐஸ் வந்துட்டாங்க, யாரும் வெளியே போகாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால், அதை அடுத்த குழுவுக்கு அனுப்புவதற்கு முன் நிறுத்துங்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு, யார் கண்ணால் பார்த்தார்கள், இந்த மூன்றும் அதில் இல்லையென்றால் அதனால் யாருக்கும் பயனில்லை. கெடுதல் மட்டும் நிறைய. அந்த ஒரு வரியைப் பார்த்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார், ஓட்டல் சமையலறைக்கு வேலைக்குப் போகிறவர் அன்றைய சம்பளத்தை விடுவார், யாரோ ஒரு அம்மா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வார், கர்ப்பிணி ஒருவர் டாக்டரைப் பார்க்கப் போகமாட்டார். இப்படி இரண்டு மூன்று தடவை பொய்யாகிவிட்டால், நிஜமாகவே முகமூடி போட்டவர்கள் வந்து இறங்கும் நாளில் அந்தக் குழுவை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

2025 செப்டம்பர் 8 அன்று 'ஆபரேஷன் மிட்வே பிளிட்ஸ்' என்ற குடியேறிகளைப் பிடிக்கும் நடவடிக்கையை அறிவித்துவிட்டு ஃபெடரல் அதிகாரிகள் சிகாகோவுக்குள் வந்தார்கள். நான்கே நாளில் ஃபிராங்க்ளின் பார்க்கில், பிள்ளைகளைப் பள்ளியிலும் காப்பகத்திலும் விட்டுவிட்டு வந்த ஒரு தகப்பனைக் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 30 அதிகாலையில் சவுத் ஷோரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஹெலிகாப்டரோடு போனார்கள். அக்டோபரில் ஓல்ட் இர்விங் பார்க்கில் குழந்தைகளின் ஹாலோவீன் ஊர்வலம் நடக்க வேண்டிய காலையில் கண்ணீர்ப்புகை போட்டார்கள். கீழே நான் எழுதுவதில் பெரும்பகுதி, அந்த மாதங்களில் லிட்டில் வில்லேஜ், பில்சன், பிரைட்டன் பார்க், ஆல்பனி பார்க் மக்கள் தெருவில் நின்று உருவாக்கிக்கொண்ட முறை. பிறகு மினியாபொலிஸ் வரை அது போய்ச் சேர்ந்தது.

நேப்பர்வில், ஷாம்பர்க், அரோரா பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர், எச்-1பி இருக்கிறது, கிரீன் கார்டு இருக்கிறது, நமக்கு என்ன என்று நினைப்பது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கூரையை மாற்றுகிறவர், புல் வெட்டுகிறவர், நீங்கள் பிரியாணி சாப்பிடும் ஓட்டலின் சமையலறையில் நிற்கிறவர், ஓஹேரில் உங்களை இறக்கிவிட்ட ஊபர் டிரைவர், இவர்களைத்தான் பிடித்தார்கள். நம்மிலும் எல்லோருக்கும் காகிதம் சரியாக இல்லை. புகலிட வழக்கு நடந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, விசா முடிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் குழுவில் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். அவர்களும் படிக்கிறார்கள் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வரியையும் போட வேண்டும்.

முதலில், செய்தியை உறுதி செய்வது

அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்களே பார்த்தீர்களா? "இல்ல, என் ஃபிரெண்டோட குரூப்ல வந்தது" என்றால், அந்த ஃபிரெண்டைக் கேட்கச் சொல்லுங்கள். பாதிச் செய்திகள் இந்த இடத்திலேயே நின்றுவிடும். படம் வந்தால் அதில் மரத்தைப் பாருங்கள், தரையைப் பாருங்கள். வெளியே பனி கொட்டும் நாளில் பச்சை இலையோடு ஒரு படம் வந்தால் அது பழையது. ஸ்கிரீன்ஷாட் என்றால் தேதியை வெட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

நேரில் பார்த்தவர் கிடைத்துவிட்டால் அவரிடம் ஆறு விஷயம் வாங்க வேண்டும்: எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், சரியாக எந்த இடம் (இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையின் பெயர்), என்ன உடை, எத்தனை மணி, என்ன வண்டி என்ன ஆயுதம். உடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் இங்கேதான். ஐஸ் அதிகாரிகளின் மார்புக் கவசத்திலும் 'போலீஸ்' என்று எழுதியிருக்கும், அதனால் அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதன் மேலோ கீழோ, கைப்பட்டையிலோ ஈஆர்ஓ (ERO), எச்எஸ்ஐ (HSI) என்ற ஐஸ் பிரிவுகளின் பெயரோ, சிபிபி (CBP), பார்டர் பேட்ரோல் என்ற எல்லைக் காவல் பெயரோ, ஃபெடரல் ஏஜென்ட் என்றோ ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்ய வரும் குக் கவுண்டி ஷெரிஃப் ஆட்களை ஐஸ் என்று நினைத்துவிடலாம், சாதாரணமாக ஒருவரைத் தேடி வந்த சிகாகோ போலீஸையும் அப்படி நினைத்துவிடலாம். வண்டி பெரும்பாலும் கறுப்புக் கண்ணாடி போட்ட எஸ்யுவி, வெளி மாநில நம்பர் பிளேட். இலினாயில் முன்னும் பின்னும் பிளேட் வேண்டும், இந்தியானாவில் பின்னால் மட்டும் போதும், அதனால் முன் பிளேட் இல்லை என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

அப்புறம் ஹாட்லைன். இலினாய் குடியேறிகள், அகதிகள் உரிமைக் கூட்டமைப்பு நடத்தும் குடும்ப உதவி எண் 1-855-435-7693. அதைப் போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். பார்த்ததை அங்கே சொன்னால், அந்தப் பகுதியில் இருக்கும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களுக்குத் தகவல் போகும்.

இனி குழுவில் எழுதுவது. இப்படி எழுதுங்கள்: "உறுதியானது. பிற்பகல் 2.10. டெவன், வெஸ்டர்ன் முனை. நான்கு பேர், பச்சைச் சீருடை, பார்டர் பேட்ரோல் என்று எழுதியிருக்கிறது, இரண்டு வெள்ளை எஸ்யுவி. நேரில் பார்த்தது." உறுதியாகவில்லை என்றால் முதல் சொல்லே 'உறுதியாகவில்லை' என்று இருக்கட்டும். எல்லோரும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு: அவர்கள் போனதும் "2.40, கிளம்பிவிட்டார்கள்" என்று போட வேண்டும். முடிந்ததைச் சொல்லாவிட்டால் மதியம் வந்த செய்தி ராத்திரி பதினோரு மணிக்கும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் அதைப் பார்த்துத் திரும்பப் படுத்துவிடுவார். "எல்லோரும் வீட்டிலேயே இருங்கள்" என்ற வரியை யாரும் எழுதாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் கொடுங்கள், போவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

குழுவைப் பற்றி ஒன்று. இருநூறு முந்நூறு பேர் இருக்கும் சங்கக் குழுவில் இதைச் செய்யாதீர்கள். அங்கே பொங்கல் டிக்கெட்டும் கோலப் போட்டியும் ஓடட்டும். தெருவுக்கு ஒரு சின்னக் குழு, சிக்னல் (Signal) ஆப்பில், மெசேஜ் தானாக அழியும்படி அமைத்து, ஒருவரையொருவர் நேரில் தெரிந்தவர்கள் மட்டும். யாருடைய விசா நிலையையும் அதில் எழுதவே கூடாது.

விசிலும் வீடியோவும்

லிட்டில் வில்லேஜிலும் பில்சனிலும் தொடங்கி நகரம் முழுக்கக் காபிக் கடை, நூலகம், புத்தகக் கடை என்று எங்கும் விசில்களைப் பைகளில் போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். முறை எளிது. அதிகாரிகள் பக்கத்தில் இருந்தால் விட்டு விட்டு ஊத வேண்டும். யாரையாவது பிடித்துக்கொண்டிருந்தால் நிறுத்தாமல் நீளமாக ஊத வேண்டும். பயந்தவர்கள் உள்ளே போக நேரம் கிடைக்கும், மற்றவர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். கண்ணால் பார்த்தால் மட்டும் ஊதுங்கள்.

பொது இடத்தில் வேலை செய்யும் அதிகாரியை வெளிப்படையாக வீடியோ எடுக்க இங்கே உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தள்ளி நில்லுங்கள், பின்னால் போகச் சொன்னால் சில அடி பின்னால் போய் அங்கிருந்து எடுங்கள், குறுக்கே நிற்காதீர்கள், யாரையும் தொடாதீர்கள். காரில் துரத்தவே வேண்டாம். அக்டோபர் 4 அன்று பிரைட்டன் பார்க்கில் காரில் இருந்த ஒரு பெண்ணைச் சுட்டார்கள். அவர் மேல் போட்ட வழக்கை நவம்பரில் அரசுத் தரப்பே கைவிட்டது, ஆனால் குண்டு பட்டது பட்டதுதான். 2026 ஜனவரியில் மினியாபொலிஸில் இரண்டு அமெரிக்கக் குடிமக்களையே சுட்டுக் கொன்றார்கள். குடியுரிமை இருக்கிறது என்ற தைரியத்தில் நெருங்கிப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவர்கள், எச்-1பியில் இருப்பவர்கள், தெருவில் நின்று வீடியோ எடுப்பதைவிட உள்ளே இருந்து போன் செய்வதும் குறிப்பு எழுதுவதும் நல்லது என்பது என் கருத்து. அதுவும் தேவையான வேலைதான்.

எடுக்கும்போது அதிகாரிகளின் செயல், பேட்ஜ், வண்டி எண், தெருப் பலகை இவற்றைக் காட்டுங்கள். பிடிபட்டவரிடம் பெயரையும் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் சத்தமாகக் கேளுங்கள். அந்த வீடியோவை நேரலையாகப் போடாதீர்கள். குடும்பம் சம்மதிக்கும் வரை அந்த முகமும் பெயரும் ஊருக்குப் போகக் கூடாது, ஏனென்றால் மகளுக்கு அப்பா பிடிபட்ட செய்தி ஃபேஸ்புக் வழியாக வந்து சேரக் கூடாது. எடிட் செய்யாத மூல ஃபைலைக் குடும்பத்தின் வக்கீலுக்குக் கொடுங்கள். உங்கள் போன் கைரேகையிலோ முகத்திலோ திறப்பதாக இருந்தால், வெளியே போகும்போது அதை எடுத்துவிட்டு எண் பூட்டு மட்டும் வையுங்கள்.

கதவைத் தட்டினால்

திறக்காதீர்கள். கதவுக்குப் பின்னால் இருந்தே, வாரண்டைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள் அல்லது ஜன்னலில் காட்டச் சொல்லுங்கள். ஐ-200, ஐ-205 என்று மேலே எண் போட்டிருந்தால் அது ஐஸ் அலுவலகமே கையெழுத்துப் போட்ட காகிதம். நீதிமன்றத்தின் பெயரும் நீதிபதியின் கையெழுத்தும், இந்த வீட்டின் சரியான முகவரியும் இருந்தால்தான் அது நீதிமன்ற வாரண்ட். முதல் வகைக் காகிதத்தோடு உங்கள் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதுதான் பல காலமாக இருந்துவரும் புரிதல். நாடு கடத்துவதற்கான ஐ-205 இருந்தாலே உடைத்து நுழையலாம் என்று 2025 மே மாதம் ஐஸ் உள்ளுக்குள் ஒரு குறிப்பு எழுதியிருந்தது 2026 ஜனவரியில் வெளியே வந்தது. ஆகவே, உடைத்தே வந்துவிட்டால் கையால் தடுக்காதீர்கள். "ஐ டு நாட் கன்சென்ட்" (நான் சம்மதிக்கவில்லை) என்று உரக்கச் சொல்லுங்கள், யாராவது ஒருவர் பதிவு செய்யட்டும், பிறகு பேசாமல் இருங்கள். பொய் சொல்லாதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள், வக்கீல் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம், 2025 ஏப்ரலில் இருந்து அதை வலியுறுத்துகிறார்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் அட்டையை, எச்-1பி, எஃப்-1 உள்ளவர்கள் நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப் பிரதியை வைத்திருங்கள். பள்ளியில் அவசரத் தொடர்பாக இரண்டாவது ஒருவர் பெயரைக் கொடுங்கள். இலினாயில் 365 நாள் வரை ஒருவரைக் குறுகிய காலப் பாதுகாவலராக எழுதி வைக்கலாம். நீதிமன்றம் போக வேண்டியதில்லை, படிவம்தான். அம்மா அப்பா இருவரும் பிடிபட்டால் குழந்தை யாரோடு தூங்கும் என்ற கேள்விக்கு அந்த ஒரு தாள் பதில்.

ஒருவரைக் கொண்டுபோய்விட்டால்

அவசரம் இங்கேதான். மேற்குப் புறநகர் பிராட்வியூவில் இருக்கும் ஐஸ் கட்டடத்துக்குத்தான் முதலில் கொண்டுபோவார்கள். இலினாய் சட்டப்படி உள்ளூர்ச் சிறைகள் ஐஸுக்காக ஆட்களை அடைத்து வைக்கக் கூடாது, அதனால் இந்தியானா, மிச்சிகன், கென்டக்கி என்று வெளி மாநிலங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். போன இடம் தெரியாமல் குடும்பம் தவிக்கும். ஐஸின் இணையத் தேடல் பக்கத்தில் தேட, ஏ-நம்பரும் (குடியேற்றத் துறை ஒருவருக்குக் கொடுக்கும் எண்) பிறந்த நாடும் வேண்டும். அது இல்லையென்றால் முழுப் பெயரும் பிறந்த நாடும். நம் பெயர்களில் இது பெரிய சிக்கல்: அப்பா பெயர் கடைசிப் பெயரா முதல் பெயரா, இனிஷியல் விரிந்திருக்கிறதா இல்லையா என்று பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மற்ற காகிதங்களில் ஒரு மாதிரி இருக்கும். எழுத்து மாறினாலும் ஆள் கிடைக்கமாட்டார். எல்லா மாதிரியிலும், பெயரை முன்பின் மாற்றியும் தேடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதில் வரமாட்டார்கள். ஏ-நம்பரை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வையுங்கள்.

சட்ட உதவிக்கு நேஷனல் இமிக்ரன்ட் ஜஸ்டிஸ் சென்டர் சிகாகோவிலேயே இருக்கிறது. பிடிபட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமையும் உண்டு, ஆனால் புகலிடம் கேட்டிருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம், அவர் பயந்து ஓடிவந்ததே அந்த அரசிடமிருந்துதான். வக்கீல் இல்லாத 'கன்சல்டன்ட்', நோட்டரி யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

தெரு நடமாட்டம்

பயம் வந்த ஏரியாவில் முதலில் சாவது வியாபாரம். லிட்டில் வில்லேஜின் 26ஆம் தெருவில் கடைகள் காற்று வாங்கின. சைக்கிள் ஓட்டும் குழுக்கள் தெருவோரம் தமாலே என்ற மெக்சிகோ சோள உணவு விற்பவர்களிடம் விடியற்காலையில் போய், இருப்பதை மொத்தமாக வாங்கி, வியாபாரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். நாமும் செய்யக்கூடியது இது. அப்புறம் பள்ளி: மணி அடிக்கும் நேரத்துக்கு முனைக்கு இருவராக நின்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது. மளிகை, மருந்து வாங்கிக் கொடுப்பது. இதைச் செய்யக் குடியுரிமை உள்ளவர்களும் ஓய்வு பெற்றவர்களும் முன்வந்தால் நல்லது.

உள்ளூர்ப் பத்திரிகையையும் சேர்த்துச் சொல்கிறேன். 2018இல் தொடங்கிய பிளாக் கிளப் சிகாகோ, குடியேறிகளைப் பற்றியே எழுதும் பார்டர்லெஸ், சிசரோவில் இரண்டு மொழியில் வரும் சிசரோ இன்டிபென்டியென்டே, இவற்றின் நிருபர்கள் அந்த மாதங்களில் தெருவுக்குத் தெரு போய் எது நடந்தது எது நடக்கவில்லை என்று எழுதினார்கள். சந்தா கட்டுங்கள். உங்கள் தெருவில் நடந்ததை அவர்களுக்கு அனுப்பும்போது மேலே சொன்ன ஆறு விஷயத்தோடு, உங்களை எந்த எண்ணில் திரும்பக் கூப்பிடலாம், உங்கள் பெயரைப் போடலாமா கூடாதா என்பதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நிருபர் உங்களைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்காமல் எதையும் போடமாட்டார், அதனால் போனை எடுங்கள்.