எஸ்ஏசிடி போட்டால் சத்தமே வரவில்லை: நான் சரிசெய்த விதம்

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கிறேன், எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி, சாதாரண சிடியைவிட நுணுக்கமாக ஒலி பதிந்த டிஸ்க்) எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதுதான். நல்லவேளை, டிவிடி மாதிரி, ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டுப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் ரீஜன் கோடு தொல்லை இதற்குக் கிடையாது.

2003இல் எஸ்ஏசிடியாக வந்த பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' டிஸ்க்கை என் பழைய ப்ளூரே பிளேயரில் போட்டால், நேரம் மட்டும் ஓடுகிறது, ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. அதே டிஸ்க்கில் இருக்கும் சாதாரண சிடி அடுக்குக்கு மாற்றினால் ஜோராகப் பாடுகிறது! "டூப்ளிகேட்டை உன் தலையில் கட்டிவிட்டான்" என்று மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

டிஸ்க்கில் கோளாறு இல்லை, பிளேயரை ரிசீவரோடு (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) இணைத்திருந்த ஆப்டிகல் கேபிள்தான் காரணம். ஹைப்ரிட் டிஸ்க்கில் சாதாரண சிடி அடுக்கு ஒன்று, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், இன்னொன்று டிஎஸ்டி, அதாவது எஸ்ஏசிடியின் ஒலிப்பதிவு முறை, அது 1 பிட்தான், ஆனால் 2.8224 மெகாஹெர்ட்ஸ், அதாவது சிடியைப்போல 64 மடங்கு வேகம். நகல் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் இந்த அடுக்கை ஆப்டிகல், கோஆக்சியல் டிஜிட்டல் கேபிள்கள் வழியாக வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் தண்டனை.

சரி, எச்டிஎம்ஐ கேபிளைப் பிளேயரிலிருந்து நேராக ரிசீவருக்குக் கொடுத்தேன். அப்புறமும் மௌனம், ஏனென்றால் என் ரிசீவருக்கு டிஎஸ்டி புரியாது. பிளேயர் மெனுவில் டிஎஸ்டி வெளியீட்டை பிசிஎம் (சிடியில் இருக்கும் வழக்கமான டிஜிட்டல் ஒலி வடிவம்) என்று மாற்றியதும், ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் அந்த இதயத்துடிப்பு கேட்டதே! பிசிஎம் ஆக்கினால் தரம் போச்சு என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு, என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எச்டிஎம்ஐ இல்லாத ரிசீவர் என்றால் பிளேயரின் அனலாக் சிவப்பு வெள்ளை கேபிளே போதும், மெனுவில் ஆறு சேனல் 5.1க்குப் பதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.