கொண்டை ஊசி வளைவில் மட்டும் இறுகும் பவர் ஸ்டீயரிங்: பழைய காரில் கோளாறைத் தேடும் முறை

போன ஐப்பசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, கூடவே மூடுபனி. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் படியும் ஆவியை விரட்ட பிளோயர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்ததால் கிளட்ச்சை மிதித்து, கிட்டத்தட்ட நின்றுவிட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்தேன். கல்லாக இறுகியிருந்தது. டாஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது. பலத்தையெல்லாம் போட்டு இழுத்து ஓரங்கட்டினேன். இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் விளக்கு போய்விட்டது, ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது.

என்னுடையது 2006 மாடல் சின்ன கார். கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கே போனால் கோளாறு வரவே இல்லை. ஆனாலும் மோட்டாரோடு ஸ்டீயரிங் தண்டுத் தொகுதியையே (காலம், column) மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. மூன்று வாரம் நானே தேடிக் கண்டுபிடித்தேன். செலவு ஒரு வயர் பிரஷ்ஷும் கொஞ்சம் வாசலினும்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை

பவர் போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. பலமாக இழுத்தால் வண்டி திரும்பும். அதனால் இறக்கத்தில் இப்படி ஆனால் பதறி சாவியைத் திருப்பிவிடாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரும் சில மிதிகளில் செத்துவிடும். சாவியை உருவினால் ஸ்டீயரிங் லாக் விழும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகே இன்ஜினை அணையுங்கள்.

உங்களுடையது எந்த வகை?

பானெட்டைத் திறந்து பாருங்கள். மூடியில் ஸ்டீயரிங் படம் போட்ட சின்ன ஆயில் டப்பாவும், பெல்ட்டில் ஓடும் பம்பும் இருந்தால் ஹைட்ராலிக். டப்பா இல்லாமல், சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் எலெக்ட்ரிக்.

எந்த வகையானாலும் டயர் காற்றைப் பார்த்துவிடுங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜின் ஓடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் மட்டும் இறுகி, பிறகு இளகினால் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் காய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் "டங்" என்று துள்ளினால், அந்த ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கில் கோளாறு. இரண்டும் இல்லாமல் சீராகச் சுற்றினால் கீழே படியுங்கள்.

எலெக்ட்ரிக்: வோல்ட்டேஜிலிருந்து தொடங்குங்கள்

வளைவில் மட்டும் ஏன் வருகிறது என்பதுதான் எனக்கு வழிகாட்டியது. நின்ற நிலையில் சக்கரத்தை ஒடிக்கும்போது ஸ்டீயரிங் மோட்டார் 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் 9 ஆம்பியர், பிளோயரும் வைப்பரும் தனி. கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜின் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த ஓட்டத்துக்கு இறங்குகிறது, இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரால் அத்தனையும் கொடுக்க முடியாது. மிச்சத்தைப் பேட்டரி தர வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரியின் வழியில் எங்காவது அடைப்பு இருந்தால் வோல்ட்டேஜ் சரியும், கன்ட்ரோல் யூனிட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியை நிறுத்திவிடும். வெயிலில், ஒர்க்‌ஷாப் வாசலில், ஒரு விளக்கும் எரியாத வண்டியில் இது வராததில் ஆச்சரியமே இல்லை.

கருவி என்றால் டிஜிட்டல் மல்டிமீட்டர்தான். டெஸ்ட் லேம்ப் இந்த வேலைக்கு உதவாது, வோல்ட்டேஜ் குறைந்தாலும் அது எரியத்தான் செய்யும். மலிவு விலை ஸ்கேனரும் வேண்டாம். பழைய வண்டியில் அவை பெரும்பாலும் இன்ஜினின் பிழைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும், ஸ்டீயரிங் யூனிட்டைத் தொடாது. மீட்டரில் குறைந்த, கூடிய அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. அதை நம்பி பேட்டரியைத் தள்ளிவிட்டு, ஃபியூஸ், ரிலே, ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டுகள் என்று இரண்டு வாரத்தைக் கழித்தேன்.

நான் தடுக்கி விழுந்த இடம்

செய்ய வேண்டியது வோல்ட்டேஜ் டிராப் சோதனை, அதாவது வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பது. இன்ஜின் ஐடிலில், ஹெட்லைட்டும் பிளோயரும் போட்டபடி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்றை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. எனக்கு 0.05 காட்டியது. எர்த் (பேட்டரி நெகட்டிவ் பாடியோடு சேரும் இணைப்பு) அருமையாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

தப்பு எங்கே என்றால், முள்ளை நான் பேட்டரிக் கம்பத்தைப் பிடிக்கும் ஒயர் கிளாம்ப்பின் மேல் வைத்திருந்தேன். கிளாம்ப்பிலிருந்து பாடிவரை எல்லாம் சுத்தம்தான். கோளாறு இருந்தது கிளாம்ப்புக்கும் அதற்குள்ளே இருக்கும் ஈயக் கம்பத்துக்கும் நடுவே. முள்ளைக் கம்பத்தின் நடுமண்டையில் அழுத்தி வைத்ததும் 0.7 வந்தது. கிளாம்ப்பை லேசாக அசைத்தபோது 3 வோல்ட்டைத் தாண்டியது, டாஷ்போர்டில் விளக்கு பளிச்சென்று வந்தது. உள்ளே இருந்து தம்பி "அண்ணே, இறுகிடுச்சு" என்று கத்தினான். மூன்று வாரத்தில் கேட்ட நல்ல வார்த்தை அதுதான்.

லேசாக அசைத்தால் போதும். இன்ஜின் ஓடும்போது கிளாம்ப் கழன்றுவிட்டால் வண்டியில் உள்ள யூனிட்டுகள் கருகிப்போகலாம். இதே சோதனையை பாசிட்டிவ் பக்கமும் செய்யுங்கள்: ஒரு முள் கம்பத்தில், மற்றொன்று ஸ்டீயரிங் ஃபியூஸுக்கு வரும் ஒயரில்.

இன்னொரு தடயமும் முன்பே கிடைத்திருந்தது. காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கும். கோத்தகிரிக் குளிருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். இங்கே வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பானெட்டுக்குள்ளேயே ஈரம் நிற்கும், ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். வெளியே துடைத்து வைத்தாலும் கிளாம்ப்பின் உள்வட்டத்தில் அது தெரியாது.

சரி, சுத்தம் செய்யும் முறை. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்து அடங்கும். அது பேட்டரி மூடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, கம்பத்தையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் ஈயம் பளபளக்கும்வரை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின். பலர் வாசலினைத் தடவிவிட்டு மாட்டுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. ஈயம் ஈயத்தில் நேராகப் பிடிக்க வேண்டும்.

மறுபடி அளந்தேன்: 0.04. அதற்குப் பிறகு இரண்டு மழையில் ஏறி இறங்கியாயிற்று, விளக்கு வரவில்லை.

ஹைட்ராலிக் என்றால்

இதில் விட்டு விட்டு இறுகினால் முதல் சந்தேகம் பெல்ட். ஈரமான காலையில் ஒடிக்கும்போது கிறீச்சென்று கத்தும். ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், விரல் மட்டும் எட்டவே இருக்கட்டும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அடுத்து ஆயில். அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போய்விடாதீர்கள், ஹோஸிலும், சக்கரங்களைத் திருப்பும் ராக்கின் ரப்பர் உறைகளிலும் கசிவைத் தேடுங்கள். எந்த ஆயில் என்பதை மூடியிலோ மேனுவலிலோ பார்த்து அதையே ஊற்றுங்கள்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்து கம்பத்தைத் தேய்த்த குன்னூர் நண்பர் ஒருவருக்கு ஸ்டீயரிங் விளக்கு போகவில்லை. எல்லா விளக்கையும் போட்டு ஐடிலில் பேட்டரி வோல்ட்டை அளக்கச் சொன்னேன். 12.3 தான் வந்தது. ஆல்டர்நேட்டர் பெல்ட் தொய்ந்திருந்தது. எனவே அந்த 13.8 அளவை விளக்குகள் எரியும்போதும் ஒருமுறை பாருங்கள், 13க்குக் கீழே போனால் பெல்ட்டும் ஆல்டர்நேட்டரும்தான் முதலில்.

கொடைக்கானலிலிருந்து ஒருவர், ஹைட்ராலிக் வண்டி, ஆயில் மாற்றிய பிறகு அடிக்கடி இறுகுகிறது, முனகுகிறது என்று எழுதினார். டப்பாவில் ஆயில் நுரைத்திருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜின் ஓடாமல், ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி பதினைந்து தடவை மெதுவாகச் சுற்றுங்கள். இடையிடையே ஆயிலை நிரப்புங்கள். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட் செய்து மறுபடி சுற்ற வேண்டும். கோடியில் ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து வைத்தால் பம்பு சூடாகிவிடும்.