நாய்க்குப் பச்சைக்கறி போடுவதற்கு முன்னால்

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் நமக்கு ஒரு கிலோ வெட்டச் சொல்லிவிட்டு, "அண்ணே, நாய்க்குக் கொஞ்சம் வேஸ்ட் போடுங்க" என்று இன்னொரு பையை நீட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன். பல வருடம் அந்தப் பையை அப்படியே தட்டில் கொட்டியிருக்கிறேன். எங்கள் சிப்பிப்பாறை ஒரு நிமிடத்தில் காலி செய்துவிட்டு தட்டை நக்கும், அதே நாக்கோடு ஓடிவந்து என் மகள் முகத்தையும் நக்கும். சிக்கல் இந்த இரண்டாவது நக்கலில் இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை.

முதலில் ஒரு கதையை ஓரம் கட்டிவிடலாம். பச்சைக்கறி தின்ற நாய் ரத்த ருசி கண்டு ஆளைக் கடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. பயப்பட வேண்டியது சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர், லிஸ்டீரியா, ஈ கோலை மாதிரியான பாக்டீரியாக்களுக்கு. இவற்றில் பல கோழியின் குடலில் சும்மா குடியிருக்கும், கோழிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் வெட்டி, இறகு பிடுங்கும் மெஷினில் போட்டு, ஒரே கட்டையில் ஒரே கத்தியால் நறுக்கும்போது எல்லாக் கறியிலும் பரவிவிடும். அதிலும் வேஸ்ட் என்பது டிரம்மில் மத்தியானம் வரை நம் ஊர் வெயிலில் கிடந்தது. அமெரிக்காவில் உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2010 முதல் 2012 வரை நாய், பூனைகளுக்கான பச்சைக்கறி உணவுகளில் 196 மாதிரிகளைச் சோதித்தது, பெரும்பாலும் உறைய வைத்து பேக் செய்து விற்றவை. 15-இல் சால்மொனெல்லா, 32-இல் லிஸ்டீரியா. பேக் செய்ததற்கே இந்தக் கதி.

"மஞ்சள் போட்டு அலசிட்டுத்தான் போடுறேன்" என்பார்கள். மஞ்சள் தண்ணீரில் இவை சாகாது, குழாயடியில் கழுவினால் சிங்க் முழுக்கத் தெறிப்பதுதான் மிச்சம். ஃப்ரீசரும் அப்படித்தான், பாக்டீரியா அங்கே தூங்கும், வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும்.

அடுத்த வாதம், நாயின் வயிறு வேறு மாதிரி, அதுக்கு எல்லாம் செரிக்கும் என்பது. பாதி உண்மை. நிறைய நாய்களுக்கு வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகாது, ஆனால் நாய் நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருக்கும்போதே அதன் மலத்தில் சால்மொனெல்லா வாரக்கணக்கில் வெளியேறலாம். அது வாலில், ரோமத்தில், தரையில் ஒட்டும். வீட்டில் கைக்குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் யாராவது இருந்தால் பச்சைக்கறியை இன்றே நிறுத்திவிடுங்கள்.

நாயும் எப்போதும் தப்பித்துவிடாது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பச்சைக் கோழிக்கறிக்கும் ஒருவகை நரம்பு நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. முதலில் பின்னங்கால் தள்ளாடும், பிறகு முன்னங்கால், குரைப்பு கூட மாறிப்போகும், மூச்சுத் தசை வரை போனால் உயிருக்கே ஆபத்து. கேம்பைலோபாக்டர் மீதுதான் சந்தேகம். அவர்கள் குறிப்பாகச் சொன்னது கோழிக் கழுத்தை. நம் வேஸ்ட் பையில் முதலில் விழுவதும் அதுதானே.

ஆட்டுக்கறி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஈரல், நுரையீரலில் வெள்ளையாகத் தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருந்தால் கடைக்காரர் அந்தத் துண்டை அறுத்து எறிவார், அது நேராக வாசலில் நிற்கிற நாயின் வாய்க்குப் போகும். அந்த நீர்க்கட்டிக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள். நாயின் குடலில் அவை சில மில்லிமீட்டர் புழுவாக வளரும், நாய் வாட்டம் காட்டாது. முட்டைகள் மலத்தோடு வந்து ரோமத்தில் ஒட்டி, தடவிக்கொடுத்த கையிலிருந்து நம் வாய்க்குள் போனால், நம் ஈரலில் அதே நீர்க்கட்டி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து கடைசியில் ஆபரேஷன் வரை கொண்டுபோகும். அதனால் உள்ளுறுப்பு எதுவானாலும் குறைந்தது அரை மணி நேரம் கொதிக்கட்டும். கட்டி தெரிகிற துண்டை வேகவைக்கக்கூட வேண்டாம், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். குடற்புழு மாத்திரை வாங்கும்போது பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று பாருங்கள், சும்மா உருண்டைப்புழுவுக்கான மருந்து இந்தப் புழுவைத் தொடாது.

சரி, எப்படித்தான் போடுவது? கறியை அலசாமல் நேராகக் குக்கரில் போட்டுத் தண்ணீர் விட்டு நான்கைந்து விசில். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நமக்கு வைத்த குழம்பில் கொஞ்சம் ஊற்றுவதும் இதில் அடக்கம். ஆறிய பிறகு எலும்பை முழுசாக எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் பச்சையாகவே போட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பச்சை எலும்பிலும் பல் உடையும், அடைத்துக்கொள்ளும். அப்புறம் சோறும் கொஞ்சம் வெந்த பூசணியோ கேரட்டோ சேர்த்துப் பிசைந்து வையுங்கள். நாய் ஓநாய் இனம், சோறு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2013-லேயே காட்டிவிட்டார்கள்.

எலும்பை எடுத்துவிட்டால் சுண்ணாம்புச்சத்து குறையும். வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. குட்டிக்கு இப்படியே போட்டால் கால் வளையும், லேசாகக் குதித்தாலே எலும்பு முறியும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்துக் காயவைத்து நைசாக அரைத்தால் அரை டீஸ்பூனில் கிட்டத்தட்ட 1 கிராம் கால்சியம் கிடைக்கும். உங்கள் நாயின் எடைக்கு எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு மட்டும் இந்த வீட்டுக் கணக்கு வேண்டாம், குட்டிகளுக்கென்றே விற்கும் உணவே நல்லது.

மேலே சொன்ன கைக்குழந்தை, வயதானவர் மாதிரி யாரும் இல்லாத வீடு என்றால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பேதியாகலாம். ஒரு வாரம், பத்து நாள் எடுத்து, பச்சையைக் குறைத்து வெந்ததைக் கூட்டுங்கள். எங்கள் நாய் முதல் இரண்டு நாள் தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, மூன்றாம் நாள் பசி ஜெயித்தது. மாறுகிற வரைக்கும் தட்டு, கத்தி, கட்டை எல்லாம் நாய்க்கென்று தனியாக இருக்கட்டும். ஃப்ரீசரில் உறைந்த கறியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்து இளக விடுங்கள். மிச்சம் வைத்தால் 20 நிமிடத்தில் எடுத்துக் கொட்டிவிட்டு, சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தட்டையும் கையையும் கழுவுங்கள்.

விடாத வாந்தி, ரத்தம் கலந்த பேதி, காய்ச்சல், கால் தள்ளாட்டம், இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், போனதும் பச்சைக்கறி போட்டதை முதலில் சொல்லுங்கள். நான் ஒருமுறை திட்டுவாரோ என்று மறைத்து, அவர் வேறு எதையெதையோ தேடி, இரண்டு நாள் வீணாகப் போனது.

கோழிக்கடைக்கு இப்போதும் போகிறேன். "அண்ணே, டிரம்முல இருந்து வேணாம், இப்ப வெட்டுறதுல தோலும் கழுத்தும் இல்லாம கால் கிலோ தனியா போடுங்க" என்கிறேன். காசு கொடுத்து வாங்குவதால் அவரும் முகம் சுளிப்பதில்லை.