பனிக்காலத்தில் பறவைக்குத் தீனி வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

வட அமெரிக்காவின் கருந்தொப்பிச் சிக்கடீ என்ற சிறு பறவை சுமார் 11 கிராம் எடைதான் இருக்கும். பகலெல்லாம் தின்று சேர்த்த கொழுப்பை உறைபனி இரவில் எரித்துத்தான் அது உயிரோடு இருக்கிறது. அதுவும் போதாமல், இரவில் தன் உடல் வெப்பத்தைச் சுமார் 10 டிகிரி வரை குறைத்துக்கொள்ளும். எனக்கு இது இன்றும் வியப்புதான். இவ்வளவு சிக்கனமாக வாழும் உயிருக்கு நாம் வைக்கும் தீனி உதவ வேண்டும், சுமையாகக் கூடாது.

ரொட்டித் துண்டு போடுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். வயிறு நிறையும், தேவையான கொழுப்பு கிடைக்காது. தோல் மெல்லிய கறுப்புச் சூரியகாந்தி விதை, உப்பில்லாத வேர்க்கடலை, மாட்டுக் கொழுப்பு, இவை போதும். கொழுப்பு உருண்டையை வலைப்பையோடு தொங்கவிடாதீர்கள், கால் சிக்கிக்கொள்ளும்.

பெரிய தவறு, தீனிப்பெட்டியைக் கழுவாமல் விடுவது. பல பறவைகள் ஒரே இடத்தில் கூடும்போது எச்சம் தீனியில் கலக்கிறது. 2020-21 குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பைன் சிஸ்கின் குருவிகள் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்றில் ஏராளமாகச் செத்தன. பெட்டிகளைக் கொஞ்ச நாள் கழற்றி வைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோப்பு போட்டுத் தேய்த்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே விதை போடுங்கள். கீழே குவியும் உமியையும் அள்ளிவிடுங்கள். குளிரில் எல்லாப் பறவையும் இறகை உப்பிக்கொள்ளும். ஆனால் கிட்டே போனாலும் பறக்காமல் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் நோயாக இருக்கலாம். பெட்டியை உடனே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஜன்னல். பெட்டி கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால், திடுக்கிட்டுப் பறந்தாலும் மோதும் வேகம் குறைவு. இல்லையென்றால் பத்து மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள்.

பறவைக்கு வைக்கும் தண்ணீர் உறையாமலிருக்கக் கிளிசரின் ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அது பட்டு இறகு ஒட்டிக்கொண்டால் குளிரைத் தாங்க வழியில்லை. சூடாக்கும் கருவி பொருத்திய தொட்டி நல்லது.

பெரிய சாம்பல் ஆந்தையைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பனிக்கு அடியில் ஓடும் எலியின் சத்தத்தைக் கேட்டே அது வேட்டையாடுகிறது. படத்துக்காக நெருங்கி அதைப் பறக்கவிட்டால் இரையும் போகும், சக்தியும் வீணாகும். இரை தேடுவதை விட்டுவிட்டு அது உங்களையே பார்த்தால், மெதுவாகப் பின்னால் நகருங்கள்.