திகில் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நாங்கள் சில பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, திகில் கதை எழுதியவர்களில் ஒருவரை எடுத்துப் பேசுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். ஒருமுறை தேவகோட்டையிலிருந்து வரும் பெண் ஒருத்தி, ‘டிராகுலா’ நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரைப் பற்றி நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்து பேசினாள். வெயில் பட்டதும் டிராகுலா எரிந்து சாம்பலாகிவிடுவான் என்று அவள் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்து 1897-இல் வெளியான அந்த நாவலைப் புரட்டினால், டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்கடில்லி தெருவில் நிற்கிறான். பகலில் அவனுடைய சக்திகள் குறையும், அவ்வளவுதான். வெயிலில் ரத்தக் காட்டேரி அழிவது 1922-இல் வந்த நாஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப் படத்திலிருந்து பரவிய வழக்கம். முடிவும் அப்படித்தான். நாவலில் டிராகுலாவின் நெஞ்சில் யாரும் மரமுளையை அடிப்பதில்லை. பொழுது சாயும் நேரத்தில் குக்ரிக் கத்தி அவன் கழுத்தை அறுக்க, இன்னொருவருடைய கத்தி நெஞ்சில் இறங்குகிறது.

நான் பார்த்ததில் முதல் தவறு இதுதான்: படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தாளரைப் பற்றிப் பேசுவது. இதில் அதிகம் அடிபட்டவர் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதிய மேரி ஷெல்லி. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்த விகார உருவத்தின் பெயர் என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். அது அந்த உருவத்தைப் படைத்த விக்டருடைய குடும்பப் பெயர். உருவத்துக்குப் பெயரே கிடையாது. பெற்றவன் பெயர்கூட வைக்காமல் ஓடிவிட்டான் என்பதில்தான் கதையின் துயரமே இருக்கிறது. படங்களில் உறுமுகிற அந்த உருவம் நாவலில் ஆங்கிலக் கவி மில்டனைப் படிக்கிறது, தன் தரப்பை மணிக்கணக்கில் எடுத்துச் சொல்கிறது. 1816 கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில், பதினெட்டு வயதில் மேரி இந்தக் கதையைத் தொடங்கினார். 1818-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்ததால், முன்னுரை எழுதிய கணவர் பெர்சி ஷெல்லிதான் நாவலையும் எழுதினார் என்று பலர் நினைத்துவிட்டார்கள். தமிழில் இதை மொழிபெயர்த்த புதுமைப்பித்தன் ‘பிரேத மனிதன்’ என்று தலைப்பு வைத்தார். அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டால் பெயர்க் குழப்பமே வராது.

அடுத்தது பெயரில் வழுக்குவது. எம். ஆர். ஜேம்ஸும் ஹென்றி ஜேம்ஸும் வேறு வேறு ஆட்கள். ஹென்றி ஜேம்ஸ் அமெரிக்காவில் பிறந்த நாவலாசிரியர். இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு இளம்பெண் காண்பது பேயா, அவள் மனமா என்று கடைசிவரை தெளியவிடாத குறுநாவலை 1898-இல் எழுதியவர். எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவர், பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு அட்டவணை போட்ட பெரிய அறிஞர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்து, தான் எழுதிய பேய்க்கதையைத் தானே வாசிப்பார். அவற்றின் முதல் தொகுப்பு 1904-இல் வந்தது. அவர் கதைகளில் யாராவது ஒரு படிப்பாளி பழைய சுவடியையோ ஊதலையோ கண்டெடுப்பார், அப்புறம் அதோடு சேர்ந்து வேறொன்றும் வந்துவிடும். பெட்டகத்தில் தாத்தா காலத்து ஓலையும் கணக்குப் புத்தகமும் கிடக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜேம்ஸ் சட்டென்று பிடித்துப்போவதில் ஆச்சரியமே இல்லை.

திகில் எழுதியவர் என்றால் பித்துப் பிடித்தவராக, குடிகாரராக, பேயைக் கண்டவராக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் ஆழமாக வேரோடியிருக்கிறது. எட்கர் ஆலன் போவுக்கு இதனால் பெரிய அநியாயம் நடந்தது. 1849-இல் அவர் இறந்ததும், அவரைப் பிடிக்காத கிரிஸ்வால்ட் என்பவர் புனைபெயரில் ஒரு இரங்கல் குறிப்பு எழுதி அவர் பெயரைக் கெடுத்தார். பிறகு போவின் படைப்புகளைத் தொகுக்கும் பொறுப்பும் அதே ஆளிடம் போய்ச் சேர்ந்தது. போ குடித்தார் என்பது பொய்யில்லை. ஆனால் தன் புகழ்பெற்ற கவிதையை எந்த அளவில், எந்தச் சொல்லை மையமாக வைத்துக் கட்டினேன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற கட்டுரையை 1846-இல் எழுதியவரும் அவர்தான். துப்பறியும் கதைக்கு வழி போட்டவரும் அவரே. ஸ்டோக்கரோ லண்டன் நாடக அரங்கு ஒன்றின் மேலாளராகப் பல வருடம் கணக்கு வழக்குப் பார்த்தவர். டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. புத்தகங்களிலிருந்து குறிப்பெடுத்தே அந்த ஊரை எழுதினார்.

பேய் வந்தால்தான் திகில் என்று நினைப்பதையும் விட்டுவிடலாம். ஷெர்லி ஜாக்சன் 1948-இல் எழுதிய ‘தி லாட்டரி’ சிறுகதையில் ஆவியும் இல்லை, இருட்டும் இல்லை. கோடைக்காலத்துக் காலை, ஊர் மொத்தமும் பொது இடத்தில் கூடிச் சீட்டு எடுக்கிறது. கடைசியில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்ல மாட்டேன். கதையை வெளியிட்ட பத்திரிகைக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன, இந்த வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு.

சரி, இனி நம் ஊர்ப் பக்கம். எனக்கு மனசு அதிகம் வலிப்பது இங்கேதான். எங்கள் கூட்டத்தில் கதை எழுதிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பூட்டிய செட்டிநாட்டு வீட்டில் ஒரு பேயைக் குடிவைத்துவிடுகிறார்கள். அந்த வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்று அவர்கள் கேட்பதே இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் கட்டிய வீடுகள் இவை. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாகப் பிரித்துவிடப்பட்டவை. இன்று ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில். முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து கதவைத் திறப்பார்கள், மூன்று நாள் கழித்துப் பூட்டிக்கொண்டு போவார்கள். ஆளுக்கொரு சாவி இருக்கிற, யாரும் தனியாக விற்க முடியாத அந்த வீட்டில் எத்தனையோ கதை இருக்கிறது. சாபம் என்று ஒரே சொல்லில் முடித்தால் அதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். வீட்டைக் குறிக்கிற சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். வாசல் பக்கத்து முகப்பில் நடக்க வேண்டியதை உள்ளே தள்ளியிருக்கிற இரண்டாங்கட்டில் நடத்திவிட்டால், இங்கே வளர்ந்தவர் அந்த வரியிலேயே கதையை மூடிவைத்துவிடுவார்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: கருப்பரையும் முனியையாவையும் பேயாக எழுதுவது. அவர்கள் காவல் தெய்வங்கள். ஐயனார் கோயிலில் மண்குதிரை வைத்துப் புரவி எடுக்கிற ஊர்க்காரரிடம் போய்க் கருப்பரை ஆவி என்றால், அவர் கோபப்படுவது நியாயம்தான். என் அப்பத்தா “காத்துக் கருப்பு அண்டிரும், உச்சிப்பொழுதுல ஊருணிக்குப் போகாதே” என்பார். அதே வாயால் கருப்பருக்கு நேர்ந்துகொள்வார். இரண்டும் வேறு என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. தெய்வம் தட்டிக்கேட்கிற கதையை இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியிருக்கிறார். அங்கே பயம் ஒரு முறையோடு வரும், தப்புக்குத் தண்டனை என்று ஒரு கணக்கு இருக்கும். காற்றுக் கருப்புக்கு அப்படிக் கணக்கு எதுவும் இல்லை. எந்தப் பயத்தை எழுதுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற அவசரம் புதிதாக எழுதுகிறவர்களுக்கு இருக்கிறது. கொலையுண்ட பெண், பழிவாங்கல், பரிகாரம் என்று முடிச்சுகளை வரிசையாக அவிழ்த்துவிடுவார்கள். அவர்களுக்கு நான் கொடுப்பது புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. தூக்கம் வராத ஒரு எழுத்தாளர், வீட்டுக்குள் திடீரென்று வரும் பிணவாடை, பிச்சை கேட்டு வந்து வேலைக்காரியாகத் தங்கிவிடுகிற ஒரு பெண். எல்லாம் சாதாரணக் குடித்தனத்துக்குள்ளேயே நடக்கிறது. அவள் யார் என்று புதுமைப்பித்தன் தீர்ப்புச் சொல்வதில்லை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த வாடை வருகிறது.

போன மார்கழியில், எம். ஆர். ஜேம்ஸ் செய்ததைப் போலவே, கானாடுகாத்தான் பக்கம் ஒரு நண்பரின் வீட்டு வளவில் உட்கார்ந்து ‘காஞ்சனை’யைச் சத்தமாக வாசித்தோம். மின்விளக்கை அணைத்துவிட்டு ஒரு அரிக்கேன் விளக்கு மட்டும். மேலே வௌவால் பறந்தபோதுகூட யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் டிராகுலாவைப் பற்றிப் பேசிய அந்தப் பெண், “சார், முதல்லேருந்து இன்னொரு தடவை வாசிப்போமா?” என்று கேட்டாள். விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவளே தொடங்கினாள்.