வால்பாறை இறக்கத்தில் டியூப் ஏன் வெடிக்கிறது: சைக்கிளில் மலை ஏறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் நான்கு இளைஞர்கள் சீட்டை விட்டு எழுந்து மிதித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். பன்னிரண்டாவது வளைவில் நால்வரும் தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். என் முதல் வால்பாறைப் பயணமும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட், தண்ணீர், பஞ்சர் சாமான் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல் பத்து வளைவுகளில் காட்டும் வேகம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கி.மீ. ஆழியாறு வரை கால் சும்மா சுற்றும். அதற்குப் பிறகு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவிலிருந்து அணையைப் பார்த்தால் நிறைய ஏறிவிட்டதுபோலத் தோன்றும். இன்னும் 31 வளைவு பாக்கி. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும்.

பசித்த பிறகு சாப்பிடுவது

பசி எடுத்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். அரை மணிக்கு ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலை மிட்டாய்.

இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவது

முதல் தடவை போனபோது, கூட வந்த அனுபவசாலி ஒருவர், “பயமா இருந்தா பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா இறங்கு தம்பி” என்றார். அப்படியே செய்தேன். பதின்மூன்றாவது வளைவுக்குக் கீழே முன்சக்கர டியூப் வெடித்தது. தடுப்புச் சுவரில் தோள் உரசித்தான் நின்றேன். சக்கரத்தைக் கழற்றப் போய் பிரேக் கட்டை உரசும் ரிம்மை, அதாவது சக்கரத்தின் உலோக விளிம்பைத் தொட்டதும் இரண்டு விரல் நுனிகள் கொப்பளித்துவிட்டன. அப்புறம்தான் காரணம் புரிந்தது.

மலை உச்சியிலிருந்து எடை இறங்கும்போது கிடைக்கும் சக்தி அத்தனையும் ஏதாவது ஒரு வழியில் வெளியேறியாக வேண்டும். கொஞ்சம் வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். 15 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்தியபடி வந்தால் காற்றின் உதவி கிடைக்காது. ஏறக்குறைய மொத்தமும் சூடாக ரிம்மில் ஏறும், ரிம் ஆறவும் நேரம் இருக்காது. உள்ளே காற்றழுத்தம் கூடும், டியூப் பலவீனமாகும், வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அதிலும் பிரேக் கட்டை சூடேறிப் பளபளப்பாகிவிடும், பிடிப்பு போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். நேர் சாலையில் பிரேக்கை விடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்று வாங்குங்கள். அதுவே பாதி பிரேக். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து இரண்டு மூன்று நொடி நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நின்று ரிம் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். அனல் அடித்தால் ஆறும் வரை நில்லுங்கள். மழையில் ரிம் பிரேக்கின் முதல் அழுத்தம் தண்ணீரைத் துடைப்பதற்கே போய்விடும். அதனால் வளைவுக்கு வெகு முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும்.

பயப்படுகிற ஒருவரிடம் “பிடிச்சுக்கிட்டே இறங்கு” என்று சொல்வதை இன்றும் கேட்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஆத்திரம் வருகிறது. பயமாக இருந்தால் இறங்கி நடக்கச் சொல்லுங்கள். அது பத்திரம்.

நனைந்த சட்டையோடு இறங்குவது

வால்பாறைக்கு முன்னால் வரும் கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் வந்துவிட்டால் ஏறும்போது வடிந்த வியர்வையே விரல்களை விறைக்க வைக்கும். விறைத்த விரலால் பிரேக்கை அழுத்த முடியாது. டீக்கடையில் ஒரு பழைய செய்தித்தாள் வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்ளுங்கள்.

குரங்குகள் முன்னால் பையைத் திறப்பது

கூடாது.

பொழுது சாய்ந்து இறங்கத் தொடங்குவது

இது யானை நடமாடும் காடு, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். டீ குடித்து முடிக்கும்போது மணி நாலாகிவிட்டதா, சரி, அன்று ராத்திரி வால்பாறையிலேயே அறை எடுங்கள்.