மேமோகிராம் முதலில், தடுப்பூசி அப்புறம்

மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, தேதி வாங்கியிருந்தால், அதை முடித்துவிட்டுக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டாயிற்றா? சரி, எந்தக் கையில், என்றைக்கு என்று படமெடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஊசி போட்ட பக்கம் அக்குளில் நெறி கட்டுவதுண்டு. நிணநீர்க் கணுக்களில் எதிர்ப்பு அணுக்கள் பெருகுவதால் வரும் வீக்கம் அது, கெடுதல் இல்லை. ஆனால் படத்தில் பார்த்தால் சந்தேகம் வரும். அப்புறம் ஸ்கேன், மறுபடி பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) என்று வீண் அலைச்சல், செலவு. இங்கே சிங்கப்பூரில் 50 முதல் 69 வயதுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வதால் முன்கூட்டியே திட்டமிடுவது எளிது.

மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ காம்பில் ரத்தம் கசிந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள். நெறி சில வாரங்களில் வற்றாவிட்டாலும் அப்படித்தான்.